அமைச்சர் மேல புகார் இருக்கா, மொதல்ல பேப்பர் சேருங்க மக்கா

நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு குடுக்க நிக்க கூட்டத்துல, அமைச்சரு சொந்தக்காரனுக்கு காண்ட்ராக்ட் குடுத்துட்டாருன்னு எழுதிட்டு வாரவங்களும் உண்டு. பாவம், வெயில்ல நிப்பாங்க. ஆனா கலெக்டரு அமைச்சர விசாரிக்க முடியாதுல்லா, அந்த மனு சும்மா சுத்திட்டு கெடக்கும். அதனால தான் இத எழுதுதேன்.

அமைச்சரு எப்படி வேலை பாக்காருன்னு மொதல்ல தெரிஞ்சுக்கணும். அரசாணை ஆளுநர் பேருல வரும், கீழ செயலாளர் கையெழுத்து தான் இருக்கும், அமைச்சரு பேரு அதுல தேடுனா கெடைக்காது. அவரு என்ன சொன்னாரு, எந்த தேதியில ஓகே பண்ணுனாருங்கதெல்லாம் கோப்புக் குறிப்புல தான் கெடக்கும், நமக்கு வேண்டியது அந்த குறிப்பு. தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூவா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தலைமைச் செயலகத்துல அந்த துறையோட பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்க. அரசாணை எண்ணும் தேதியும் போட்டு, இதுக்கான கோப்புக் குறிப்பு நகல் வேணும்னு எழுதுங்க. 'ஏன் இப்படி செஞ்சீங்க'ன்னு மட்டும் கேக்காதீங்க. எங்க ஊரு குளத்து விஷயமா நான் அப்படித்தான் கேட்டேன், தகவல் இல்லன்னு ஒத்த வரியில பதில் வந்துட்டு, பொறவு நகல்னு மாத்தி கேட்டதும் பக்கம் பக்கமா வந்துச்சு. மந்திரிசபை பேப்பரா இருந்தா முடிவெடுத்து விஷயம் முடியுற வரைக்கும் தர மாட்டாங்க.

அடுத்து, அவரு செஞ்சது எதுக்கு எதிருன்னு பிரிச்சு பாருங்க. குளச்சல்ல 1957ல ஜெயிச்சு காமராஜர் மந்திரிசபைக்கு போன லூர்தம்மாள் சைமன்லேர்ந்து இன்னைக்கு உள்ளவங்க வரைக்கும், விருப்பு வெறுப்பு இல்லாம நடப்பேன்னு உறுதிமொழி எடுத்துட்டு தான் உக்காருதாங்க. அதுபோக அமைச்சர்களுக்குன்னு நடத்தை விதி ஒண்ணு இருக்கு. தொழில் நடத்துறத விட்டுரணும், அரசு காரியமா வாரவங்க கிட்ட பரிசு வாங்கப்பிடாது, வருஷா வருஷம் சொத்துக் கணக்க முதலமைச்சர்ட்ட குடுக்கணும். ஆனா அது சட்டம் இல்ல, மீறுனா முதலமைச்சர் தான் முடிவெடுக்கணும், எனக்கு இது ரொம்ப வருத்தம் தான். அந்த மாதிரி விஷயத்த நேரா முதலமைச்சருக்கே எழுதுங்க, ஒரு காப்பிய உங்க எம்எல்ஏ கையில குடுத்து சட்டசபையில கேள்வியா போடச் சொல்லுங்க, நம்ம மாவட்டத்துல ஆறு பேரு இருக்காங்கல்லா, எதிர்க்கட்சிக்காரரா இருந்தா இன்னும் நல்லது.

லஞ்சம், சொத்து குவிப்புன்னா வழி வேற. லஞ்ச ஒழிப்புத்துறை இருக்கு, 2018 சட்டப்படி வந்த, ஊழல் புகார விசாரிக்க அமைப்பான லோக் ஆயுக்தாவும் அமைச்சர விசாரிக்கலாம். சொத்து விஷயத்துக்கு தேர்தல் ஆணைய வெப்சைட்ல படிவம் 26, அதாவது தேர்தல்ல நிக்கும்போது அவரு குடுத்த சொத்துக் கணக்கு பத்திரம் இருக்கும், ரெண்டு தேர்தலோடதையும் எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. ஊழல் வழக்குல தண்டனை வந்தா, 2013 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் எம்எல்ஏ பதவி அப்பவே போயிரும், அப்பீல் போட்டிருக்கேன்னு மட்டும் சொல்லி உக்காந்திருக்க முடியாது.

மனு எதுவானாலும் ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. தகவல் மனு அவங்க கைக்கு கெடச்ச தேதியிலேர்ந்து 30 நாள் எண்ணி, பதில் வரலன்னா அடுத்த 30 நாளைக்குள்ள மொதல் அப்பீல் போட்டுருங்க, அந்த தேதிய ரசீது மேலயே பேனாவால எழுதி வச்சுக்கிடுங்க.