ஆண்டவர் கைவிட்டார் என்று தோன்றும்போது: முறையிட்டுச் செபிக்கும் முறை

இழவு வீட்டிலும், கடன்காரன் வந்துபோன வீட்டிலும், வெள்ளத்தில் நெல் அழுகிப்போன வீட்டிலும் இலங்கையின் வன்னிப் பகுதியில் ஒரே புத்திமதிதான் சொல்லப்படுகிறது: "அழாதேங்கோ, ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கோ, எல்லாம் நன்மைக்குத்தான்." சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டு முயன்றவர்கள் சில கிழமைகளில் செபத்தையே விட்டுவிடுகிறார்கள். வாய் நன்றி சொல்ல உள்ளே ஒன்றும் அசையாததால், தங்களுக்கு விசுவாசம் இல்லை என்று முடிவுகட்டுகிறார்கள்.

வேதாகமம் அந்த வழியால் போகவில்லை. 150 திருப்பாடல்களில் (சங்கீதங்களில்) ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு முறையீடுதான். கைவிட்டுப் போனவர் என்று உறுதியாக எண்ணுகிற ஒருவரிடம் யாரும் போய் "ஏன் கைவிட்டீர்" என்று கேட்பதில்லை. கேட்கப் போவதே நம்பிக்கையின் வேலை. கீழே சொல்லும் முறை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

பாடல் எண்கள் பற்றி ஒரு குறிப்பு. பழைய கத்தோலிக்க வேதாகமம் வீட்டில் இருந்தால் எண் ஒன்று குறைவாக இருக்கக்கூடும். இங்கே 13 என்றால் அதில் 12ஐப் பாருங்கள், 77 என்றால் 76, 88 என்றால் 87.

முதலில் சோறும் நித்திரையும்

எலியா இறைவாக்கினர் சூரைச்செடிக்குக் கீழே படுத்து, "போதும், என் உயிரை எடுத்துவிடும்" என்று கேட்கிறார். அரசர் முதலாம் நூல், 19ஆம் அதிகாரம். வந்த தூதர் உபதேசம் ஏதும் செய்யவில்லை. சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்துவிட்டு, எழும்பிச் சாப்பிடு என்றார். எலியா சாப்பிட்டுத் திரும்பவும் படுத்தார். இரண்டாம் தரமும் சாப்பாடுதான் வந்தது. ஆண்டவர் அவரோடு பேசியது நாற்பது நாள் நடந்த பிறகு.

ஆகவே இழப்பு நடந்த முதல் கிழமைகளில் நீண்ட செபம் வேண்டாம். இரண்டு நேரமாவது கஞ்சியோ சோறோ உள்ளே போகவேண்டும். இரவில் தனியே படுக்க விடக்கூடாது, ஒரு சகோதரியோ மச்சாளோ பக்கத்தில் படுக்கட்டும். செபம் ஒரு வரி போதும்: "ஆண்டவரே, இன்றைக்கு என்னைப் பிடித்துக்கொள்ளும்." அதுவும் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும், இவர் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

வன்னி வீடுகளில் இன்னொன்றும் பார்க்கவேண்டும். வயலுக்கு அடிக்கிற கிருமிநாசினி பெரும்பாலும் குசினிக்குப் பின்னால்தான் கிடக்கும். துக்க வீட்டிலிருந்து அதை அன்றைக்கே எடுத்து அயலவர் வீட்டில் பூட்டி வையுங்கள். சாகவேண்டும் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் அதைப் பாவம் என்று கண்டிக்க நிற்காதீர்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தேசிய மனநல உதவிச் சேவையோடு கதைக்கலாம், ஏதாவது குடித்துவிட்டால் 1990 அம்புலன்ஸ். கிளினிக் மருந்து எடுப்பவர் "செபம் போதும்" என்று மருந்தை நிறுத்துவதும் நடக்கிறது. நிறுத்தவேண்டாம். எலியாவுக்கு அனுப்பிய அப்பத்தைப் போல அதுவும் அனுப்பப்பட்டதுதான்.

கொப்பியும் 13ஆம் பாடலும்

மூன்றாம் நான்காம் கிழமையிலிருந்து இதைத் தொடங்கலாம். கடன், நோய், பிரிந்துபோன கணவன், நின்றுபோன கலியாணம் போன்றவற்றுக்கு உடனேயே தொடங்கலாம். தேவை 80 பக்கக் கொப்பி ஒன்று, பேனை ஒன்று, இருபது நிமிடம். விடியவோ பொழுதுபடவோ, எப்போதும் ஒரே நேரத்தில். படுக்கப்போகும் நேரத்தில் செய்தால் கவலை தலைக்குள் சுற்றி நித்திரை குழம்பும்.

13ஆம் பாடல் மிகச் சிறியது, ஆறே வசனம். முதல் இரண்டில் "எவ்வளவு காலம்" என்று நான்கு தரம் கேட்கிறது. நடு இரண்டில் மன்றாடுகிறது. கடைசி இரண்டில்தான் நம்பிக்கை வருகிறது. அதை மூன்று நாள் சத்தமாக வாசியுங்கள். நான்காம் நாள் அதே அச்சில் உங்களுடையதை எழுதுங்கள்.

முதல் வரி அழைப்பு. யாரிடம் பேசுகிறீர்களோ அவருடைய பெயர்: "அப்பா", "ஆண்டவரே", உங்களுக்கு வாய்க்கு வருவது.

அடுத்தது முறைப்பாடு. இதுதான் நீளமாக இருக்கவேண்டும், பக்கத்தில் பாதிக்கு மேல். "கஷ்டம்", "சோதனை" என்ற பொதுச்சொற்களை எழுதாதீர்கள். கிராம சேவையாளருக்குக் கொடுக்கும் முறைப்பாட்டில் திகதி, இடம், ஆள், தொகை எல்லாம் எழுதுவோம் அல்லவா, இங்கேயும் அப்படித்தான். "காலபோகத்துக்கு விதைத்த இரண்டு ஏக்கரும் மார்கழி வெள்ளத்தில் போயிற்று. லோன் தவணை வெள்ளிக்கிழமை. பிள்ளைக்குச் சப்பாத்து இல்லை. நீர் பார்த்துக்கொண்டிருந்தீர்." கடைசி வாக்கியத்தை எழுதப் பயப்படுவார்கள். அதை எழுதாவிட்டால் மற்றது வெறும் கணக்கு. திருப்பாடல்கள் அதைவிடக் கடுமையாகக் கேட்கின்றன.

பிறகு ஒரு விண்ணப்பம், ஒன்றே ஒன்று. அந்தக் கிழமைக்குள் நடந்ததா இல்லையா என்று பார்க்கக்கூடிய அளவில் இருக்கட்டும். "எல்லாத்தையும் சரியாக்கும்" என்று எழுதினால் பதில் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

கடைசியில் நம்பிக்கை வரி. வந்தால் எழுதுங்கள். வராவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுத் திகதி மட்டும் போடுங்கள். 88ஆம் பாடல் இருளிலேயே முடிகிறது, நம்பிக்கை வரி அதில் இல்லை. அப்படியிருந்தும் அது வேதாகமத்தில் இருக்கிறது. பலவந்தமாக எழுதிய நம்பிக்கை வரி மறுநாள் கொப்பியைத் திறக்கவே கூச்சப்பட வைக்கும்.

எழுதியதைச் சத்தமாக வாசிக்கவேண்டும். மனதுக்குள் வாசித்தால் அது கவலைப்படுவதாகவே நின்றுவிடும். தகர வீட்டில் பேசினால் அயலுக்குக் கேட்கும் என்றால் வளவுக் கோடிக்கோ குளக்கட்டுக்கோ போங்கள். எழுதத் தெரியாத அம்மம்மாமார் ஒப்பாரி மெட்டிலேயே சொல்லலாம். அவர்கள்தான் இதில் எங்கள் எல்லோரையும்விடத் தேர்ந்தவர்கள். இறந்தவரைப் பார்த்துச் சொல்லும் வரிகளை ஆண்டவரைப் பார்த்துத் திருப்பினால் போதும்.

பத்துப் பன்னிரண்டு நாளில் கோபம் கூடும். இது பிழைத்துப்போனதற்கு அடையாளம் என்று நினைத்துப் பலர் அங்கே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தவேண்டாம். இவ்வளவு நாளும் அமுக்கி வைத்தது வெளியே வருகிறது, அவ்வளவுதான். கோபம் ஒரு ஆளின்மேல் என்றால் 109ஐயும் 137ஐயும் வாசியுங்கள். பழிவாங்கச் சொல்லும் வார்த்தைகள் அவற்றில் இருக்கின்றன, ஆனால் கத்தி அந்த மனிதரின் கையில் இல்லை. வழக்கை ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டார். மன்னிப்பு அதற்குப் பிறகு வரும் விடயம். குற்றம் செய்தவர் ஒப்புக்கொள்ளாத இடத்தில் பாதிக்கப்பட்டவரை மன்னிக்கச் சொல்லி அவசரப்படுத்துவது யாருடைய வேலையும் அல்ல, போதகருடைய வேலையும் அல்ல.

பன்னிரண்டு கற்கள்

77ஆம் பாடலில் ஒருவர் நித்திரையின்றிப் புரண்டு வரிசையாகக் கேட்கிறார்: ஆண்டவர் என்றைக்கும் தள்ளிவிடுவாரோ, இரங்க மறந்துவிட்டாரோ என்று. கேள்விகளுக்குப் பதில் வரவில்லை. அவர் செய்தது பழையதை நினைவுகூர்ந்தது. ஆண்டவர் கடலுக்குள்ளால் வழி நடத்தினார், ஆனால் அவருடைய காலடித் தடம் காணப்படவில்லை என்று முடிக்கிறார்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தை இதற்கு ஒதுக்குங்கள். யோர்தானைக் கடந்த பிறகு யோசுவா பன்னிரண்டு கற்களை எடுத்து நட்டுவைத்தார், நீங்கள் பன்னிரண்டு சம்பவம் எழுதுங்கள். ஒரே நாளில் எழுதவேண்டாம், கிழமைக்கு ஒன்று. நீங்கள் கண்டதோ உங்கள் தாய் தகப்பன் கண்டதோ மட்டும். சாட்சிக் கூட்டத்தில் கேட்டது வேண்டாம். சிறியதாக இருப்பது நல்லது: 2009இல் செட்டிகுளம் முகாமில் தன் தண்ணீர் வாளியைப் பகிர்ந்த முன்பின் தெரியாத ஒருத்தி, மீள்குடியேறி வந்தபோது எரியாமல் நின்ற ஒரு மாமரம். இழப்புக்காக நன்றி சொல்லத் தேவையே இல்லை. இழப்புக்கு நடுவே கிடைத்ததை எழுதினால் போதும்.

இதில் ஒரு எச்சரிக்கை. இந்தப் பக்கம் உங்களுக்கும் ஆண்டவருக்கும் மட்டும். "செல் (எறிகணை) விழுந்தும் ஆண்டவர் எங்களைக் காப்பாற்றினார்" என்று சபையில் எழும்பிச் சொல்லும்போது, அதே செல்லில் பிள்ளையை இழந்தவள் பின்னாலுள்ள வாங்கிலில் இருப்பாள். அவளுக்கு அது எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள். நல்ல சாட்சிகள் சிலரை ஆலயத்துக்கு வராமலே செய்திருக்கின்றன.

சில மாதங்களில் தேறிவிட்டோம் என்று நினைக்கும்போது ஒரு திகதி வந்து எல்லாவற்றையும் கவிழ்க்கும்: போர் முடிந்த மே 18, சுனாமி வந்த மார்கழி 26, பிள்ளையின் பிறந்தநாள். புலம்பல் நூலைப் பாருங்கள். ஆண்டவரின் இரக்கம் காலைதோறும் புதிது என்ற பிரபலமான வரி மூன்றாம் அதிகாரத்தின் நடுவே, 22ஆம் 23ஆம் வசனங்களில் வருகிறது. அதற்குப் பிறகும் அழுகை திரும்புகிறது, நூல் கேள்வியோடுதான் முடிகிறது. ஆகவே திரும்ப அழுவதைப் பின்வாங்குதல் என்று எண்ணாதீர்கள். அந்தத் திகதிக்கு ஒரு கிழமைக்கு முன்பே யார் கூட இருப்பது, எங்கே மெழுகுதிரி கொளுத்துவது, பூசை எத்தனை மணிக்கு என்று தீர்மானித்து வையுங்கள். தீர்மானிக்காத நாள்தான் மோசமாகப் போகும்.

காணாமல் ஆக்கப்பட்டவருக்காக

இங்கே வழமையான இரங்கல் செபங்கள் பொருந்தா. இறந்தோர் பூசை ஒப்புக்கொடுப்பதா இல்லையா என்பதைத் தாயோ மனைவியோதான் தீர்மானிக்கவேண்டும். மாமனாரோ அன்பியத் (பங்கின் சிறு செபக்குழு) தலைவரோ தீர்மானிக்கக்கூடாது. அவர் தயாராகும்வரை மன்றாட்டில் பெயரை இறந்தோர் பட்டியலில் வாசிக்காமல் தனியே, "எங்கே இருந்தாலும் ஆண்டவரே உம்முடைய கண் அவர்மேல் இருக்கட்டும்" என்று சொல்லுங்கள். கார்த்திகை 2, இறந்தோர் நாளில், பெயர்ப் பட்டியல் எழுதும் ஆலயப் பணியாளர் முதலில் வீட்டாரைக் கேட்கவேண்டும்.

மரணச் சான்றிதழ் எடுத்தால் ஆளைக் கைவிட்டதாகிவிடும் என்று தயங்குபவர்களுக்கு, 2016இல் திருத்திய சட்டப்படி காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்க வழியுண்டு. அதை எடுப்பது நம்பிக்கையைக் கைவிடுவதாகாது. தேடுவதும் செபிப்பதும் தொடரலாம்.

நாளைக்கு என்று ஒன்றை நடுங்கள்

எருசலேம் முற்றுகைக்குள் இருக்கும்போது எரேமியா அனத்தோத்தில் காணி வாங்கினார், 17 செக்கேல் வெள்ளிக்கு. சாட்சிகளை வைத்துக் கையெழுத்திட்டு, காணி உறுதியை மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொன்னார். காணி ஏற்கெனவே எதிரியின் கையில் இருந்தது. உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு ஊரூராக ஓடியவர்களுக்கு இந்த 32ஆம் அதிகாரத்தை விளக்கத் தேவையில்லை.

உங்களால் காணி வாங்க முடியாது. ஒரு தென்னம்பிள்ளை நடலாம். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் கிடங்கு. அடியில் பொச்சு மட்டையை உட்புறம் மேலே பார்க்க அடுக்குங்கள், ஈரம் நிற்கும். ஐப்பசி மழை பிடித்த பிறகு நடுங்கள், கோடையில் தண்ணீர் விட மறக்காதீர்கள். காய்க்க ஆறேழு வருடம் செல்லும். இறந்தவரின் பெயரில் நட்டால் நல்லது. ஆனால் மரம் பட்டுப்போனால் அது சகுனம் இல்லை, கறையான் அல்லது வறட்சி. இன்னொன்று நடுங்கள்.

நேர்த்தி வைப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆவணி 15க்கு மடு மாதா கோயிலுக்கு நடந்து போகிறேன் என்று நேர்வது பிழையில்லை. கடன் வாங்கி நிறைவேற்றும் நேர்த்தி பிழை. வட்டி கட்டவே இன்னொரு நேர்த்தி தேவைப்படும்.

அந்த வீட்டுக்குப் போகிறவர்களுக்கு

யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் வாய் திறக்காமல் நிலத்தில் இருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் செய்தார்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் ஆண்டவரின் கோபத்துக்கு ஆளானார்கள். ஆகவே காரணம் சொல்லாதீர்கள். "பாவத்துக்குத் தண்டனை" என்பவர்களிடம் கேட்க ஒரு கேள்வி உண்டு: 2008இல் போரால் மடு மாதாவின் திருச்சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்ததே, அது எந்தப் பாவத்துக்கு?

நான்கைந்து பேர் போங்கள், அதற்குமேல் வேண்டாம். தேத்தண்ணீர் வைக்கும் வேலையை அந்த வீட்டாருக்குக் கொடுக்காமல் போத்தலில் கொண்டு போங்கள். ஒருவர் 13ஆம் பாடலை மெதுவாக வாசிக்கட்டும், பிறகு ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். அவர்கள் கதைத்தால் கேளுங்கள், கதைக்காவிட்டால் பரவாயில்லை. அரை மணித்தியாலம் போதும். காட்டோரக் கிராமம் என்றால் ஐந்து மணிக்கு முன் முடித்துவிடுங்கள். பொழுதுபட்டால் யானை வீதிக்கு இறங்கும், பிறகு திரும்புவது கஷ்டம்.