வெளிநாட்டில் முதல் கிறிஸ்துமஸ்: நம்மூர்ப் பிள்ளைகள் சறுக்குகிற இடங்கள்

திருப்பூரில் கிறிஸ்துமஸ் ஆர்டர் மாசக்கணக்கில் முன்கூட்டியே ஓட ஆரம்பித்துவிடும். மான் படம் போட்ட பனியனையும் பைஜாமாவையும் தைத்துக் கப்பலேற்றிப் பழகிய ஊர். ஆனால் அந்தத் துணி போய்ச் சேருகிற வீடுகளில் டிசம்பர் எப்படிக் கழிகிறது என்பது, படிக்கவோ வேலைக்கோ இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் போகிற நம் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை. கோயமுத்தூர், ஈரோடு, நாமக்கல் என்று எங்கிருந்து போனாலும் முதல் வருசம் ஒரே மாதிரிதான் ஏமாறுகிறார்கள்.

பெரிய தவறு, 25ஆம் தேதி தெருவே களைகட்டும் என்று காத்திருப்பது. நம் பக்கம் மாரியம்மன் நோம்பி வந்தால், கம்பம் நட்ட நாளிலிருந்து ஊரே வீதிக்கு வந்துவிடும். அங்கே கூட்டமும் விளக்கும் அதற்கு முந்தைய நாலு வாரத்தில்தான். பண்டிகையன்று எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுவார்கள். ஜெர்மனியின் கிறிஸ்துமஸ் சந்தைகள் பெரும்பாலும் நவம்பர் கடைசியில் தொடங்கி 23, 24ஆம் தேதிகளில் முடிந்துவிடும். பேர்பெற்ற நியூரம்பர்க் சந்தையும் அப்படித்தான். பார்க்க ஆசைப்பட்டால் டிசம்பர் முதல் வாரமே போய் வந்துவிடுங்கள். லண்டனில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிற மாசம் அது, அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தால் மனசு கெட்டுவிடும்.

அடுத்தது சாமான். ஜெர்மனியில் 24ஆம் தேதி மதியம் மூடுகிற கடை 27ஆம் தேதிதான் திறக்கும். நடுவில் 25, 26 இரண்டும் விடுமுறை. 27 ஞாயிறாக விழுந்தால் இன்னும் ஒரு நாள் போச்சு. இங்கிலாந்தில் 25ஆம் தேதி பெரிய கடைகளைத் திறக்கக் கூடாது என்று 2004இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு ரயில் கிடையாது, லண்டன் சுரங்க ரயிலும் ஓடாது. விமான டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று அந்தத் தேதியில் எடுத்துவிட்டு, ஏர்போர்ட் போக வழியில்லாமல் திண்டாடுகிறவர்கள் உண்டு. அரிசிம்பருப்பு சாதத்துக்கு வேண்டியதும், பாலும், காய்ச்சல் மாத்திரையும் 23ஆம் தேதியே வீட்டில் இருக்கட்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. கூட வேலை பார்ப்பவரோ பக்கத்து வீட்டுப் பெரியம்மாவோ “கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வாயேன்” என்பார். நம் பிள்ளை கூச்சத்தில் “பரவாலீங்க, எதுக்குங்க சிரமம்” என்கிற தோரணையில் மறுத்துவிடும். நம்மூரில் மறுபடி மறுபடி கூப்பிட்டு, கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார்கள். அங்கே ஒரு தடவை வேண்டாமென்றால் வேண்டாம்தான். நம் விருப்பத்தை மதித்து விட்டுவிடுவார்கள். அந்தப் பண்டிகையின் உயிரே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. கூப்பிட்டால் போங்கள். சொன்ன நேரத்துக்குப் போங்கள், அரை மணி முன்னாலும் வேண்டாம். ஊரிலிருந்து வந்த கச்சாயம் ஒரு டப்பா கொண்டு போகலாம், கெடாது.

சைவம் என்றால் அழைப்பை ஏற்கும்போதே சொல்லிவிட வேண்டும், தட்டு முன்னால் உட்கார்ந்த பிறகு அல்ல. “கறி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் போதாது. இங்கிலாந்தில் மொறுமொறுவென்று வரும் உருளைக்கிழங்கைப் பல வீடுகளில் வாத்துக் கொழுப்பில்தான் வாட்டுவார்கள். மேலே ஊற்றும் குழம்பு கறி வெந்த சாறு. கறுப்பாக வரும் கிறிஸ்துமஸ் புட்டிங்கில் வழக்கப்படி மாட்டுக் கொழுப்பு சேரும், பிராந்தியும் ஊற்றுவார்கள். ஜெர்மனியில் சிவப்பு முட்டைக்கோஸைக்கூடப் பன்றி அல்லது வாத்துக் கொழுப்பில் வதக்குவதுண்டு. சைவக் கொழுப்பில் செய்த புட்டிங் கடையில் கிடைக்கிறது. முன்கூட்டியே தெரிந்தால் அவர்களே சந்தோசமாக வாங்கி வைப்பார்கள். சந்தையில் ஆவி பறக்க விற்கும் குளூவைன் என்பது சூடாக்கிய திராட்சை மது. குழந்தைகளுக்கு மது சேராத கிண்டர்புன்ஷ் என்று கேளுங்கள். கோப்பைக்கு முன்பணம் வாங்கியிருப்பார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு வந்துவிடும்.

ஜெர்மனியில் சின்னக் குழந்தையோடு இருப்பவர்கள் டிசம்பர் 5 இரவை மறக்கக் கூடாது. வாசலில் வைத்த ஷூவில் விடிந்தால் புனித நிக்கோலஸ் போட்டுவிட்டுப் போன மிட்டாய் இருக்கும் என்பது அங்கத்திக் குழந்தைகளின் நம்பிக்கை. மறுநாள் பள்ளியில் நம் குழந்தை மட்டும் வெறுமனே நிற்க வேண்டாம்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. கருமத்தம்பட்டியிலோ ஈரோட்டிலோ நள்ளிரவு ஆராதனைக்குப் போய்ப் பழகியவர்கள், ஜெர்மனியில் 24ஆம் தேதி சாயங்காலமே முக்கிய ஆராதனை பல கோயில்களில் நடந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். நேரத்தை முதலிலேயே விசாரியுங்கள், உட்கார இடம் வேண்டுமானால் சீக்கிரம் போங்கள். ஈழத்தமிழர்கள் வாழும் நகரங்களில் தமிழ்ப் பூசையும் கிடைக்கலாம். ஊரில் இரவு 11.30 என்றால் ஜெர்மனியில் மாலை 7, இங்கிலாந்தில் 6. கோயிலுக்குக் கிளம்புகிற அம்மாவிடம் பேச வேண்டுமானால் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே கூப்பிட்டுவிடுங்கள்.