பிளெண்டரில் ஒன்றையொன்று மறைக்கும் பொருள்கள்: தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றை பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் அமைக்க முற்படுவோர் முதல் நாளிலேயே ஒரு சிக்கலைச் சந்திப்பர். நிழல் தரும் சில்வர் ஓக் மரம், அதன் தண்டைச் சுற்றிப் படர்ந்த மிளகுக்கொடி, அடியில் காப்பிச் செடி, எல்லாவற்றுக்கும் முன்னால் மூடுபனிக்காக நிறுத்திய மெல்லிய தளம் ஆகிய நான்கும் திரையில் ஒரே இடத்தில் விழுவதால், கொடியை அசைக்க எண்ணிக் கிளிக் செய்தால் பனித்தளமே தேர்வாகிறது.

சேலத்தில் என்னிடம் பழக வரும் மாணவர்கள் அப்போது சுட்டியை அங்குமிங்கும் நகர்த்திக் கிளிக் செய்து பார்க்கிறார்கள். அதுவே முதல் தவறு. அசையாமல் அதே புள்ளியில் மீண்டும் கிளிக் செய்தால் பின்னாலுள்ள பொருள்கள் ஒவ்வொன்றாகத் தேர்வாகும். சுட்டி நகர்ந்துவிட்டால் அந்த வரிசை முதலிலிருந்து தொடங்கும். ஆல்ட் விசையோடு கிளிக் செய்தால் அவ்விடத்திலுள்ள பொருள்களின் பெயர்ப் பட்டியலே விரியும். ஆனால் எல்லாவற்றுக்கும் மென்பொருள் இட்ட ‘பிளேன்.001’, ‘பிளேன்.002’ என்னும் பெயர்களையே விட்டுவைத்தவருக்கு அப்பட்டியலால் என்ன பயன்? எஃப்2 விசையை அழுத்தி, பொருளை உருவாக்கிய உடனேயே பெயரிட்டுவிட வேண்டும். சில லினக்ஸ் கணினிகளில் ஆல்ட் கிளிக்கைச் சாளரத்தை நகர்த்துவதற்கென இயங்குதளமே எடுத்துக்கொள்ளும் என்பதால், பட்டியல் விரியவில்லையெனில் அந்த அமைப்பை முதலில் பார்க்கவும்.

பெட்டி இழுத்துத் தேர்ந்தெடுப்பதும் இங்கு உதவாது. முழுப் பொருள்களைக் கையாளும் பொருள் நிலையில் (ஆப்ஜெக்ட் மோட்) அது கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் நிற்பவற்றையும் சேர்த்தே அள்ளிவிடும்.

பனித்தளத்தை எச் விசையால் மறைத்துவிட்டு வேலை செய்வோர் பலர். பின்னர் ஆல்ட், எச் இரண்டையும் சேர்த்து அழுத்தும்போது, வேறு காரணத்துக்காக முன்பே மறைத்துவைத்தவையும் திரும்பி வந்துவிடும். இதைவிட, காட்சியிலுள்ள பொருள்களைப் பட்டியலிடும் அவுட்லைனரின் வடிகட்டிப் பட்டியலில் அம்புக்குறிச் சின்னத்தை இயக்கி, பனித்தளத்துக்கு எதிரேயுள்ள அம்பை அணைத்துவிடுவதையே நான் வலியுறுத்துவேன். பனி கண்ணுக்குத் தெரியும், ரெண்டரிலும் (இறுதிப் படத்திலும்) வரும், ஆனால் கிளிக்கில் அகப்படாது.

மிகுந்த இழப்பைத் தருவது கடைசித் தவறு. அசைவூட்டத்தில் ஒரு பொருளின் நிலையைக் குறிப்பிட்ட நேரத்தில் பதிந்துவைப்பது கீஃபிரேம். அதைத் தானாகவே பதியும் வசதி இயங்கிக்கொண்டிருக்கையில், எது தேர்வாகியுள்ளது என்று பாராமல் நகர்த்தினால், கொடிக்கு மாறாகப் பனித்தளத்தின் மீது கீஃபிரேம் பதிந்துவிடும். கீஃபிரேம்களின் கால அட்டவணையான டோப் ஷீட் இயல்பாகவே தேர்வான பொருளின் கீஃபிரேம்களை மட்டும் காட்டுவதால், கொடியைத் தேர்ந்தெடுத்துத் தேடுபவருக்கு அந்தப் பிழை தென்படவே படாது. ரெண்டர் முடிந்த பிறகே பனி துள்ளுவது தெரியவரும். நகர்த்தும் முன் காட்சிச் சாளரத்தின் இடது மேல் மூலையிலுள்ள பெயரைப் படியுங்கள். ஐயம் எழுந்தால் டோப் ஷீட்டில் தேர்வானவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியை அணைத்து, தவறான கீஃபிரேம்களை ரெண்டருக்கு முன்பே அழித்துவிடுங்கள்.