துறைமுகத்திலும் லயத்திலும் உழைத்த கொள்ளுத்தாத்தாவை ஆவணங்களில் தேடுவது எப்படி?

நிலம், கடை, உயில் என்று ஏதாவது விட்டுப்போனவர்களைத் தேடுவது சுலபம். மூட்டை தூக்கியவர், சாலை போட்டவர், கப்பல் பட்டறையில் சாயம் அடித்தவர் என்று நம்மில் பெரும்பாலோரின் முன்னோர்கள் அப்படி எதையும் விட்டுப்போகவில்லை. அதனால் "எங்க தாத்தாவப் பத்தி எதுவுமே இருக்காது" என்று பலர் தேடாமலே விட்டுவிடுகிறார்கள். சிங்கப்பூரைப் பொறுத்தவரை தேட நிறையவே இருக்கிறது. என்ன, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இறங்கினால் கிடைக்காது. அவர் எங்கே வேலை பார்த்தார் என்பதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு எழுதி வைத்தவர்கள் வேலையைப் பற்றித்தான் எழுதினார்கள், ஆட்கள் அதற்குள் ஒரு வரியாக வருகிறார்கள்.

1. வீட்டில் ஆரம்பியுங்கள்

வீட்டுப் பெரியவர்களிடம் "தாத்தா எப்போ பிறந்தார்?" என்று கேட்டால் தெரியாது என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) குடியிருந்தார்? வேலையை மேற்பார்த்த மண்டோர் யார், தண்டல் யார்? சம்பளம் வாரத்துக்கா மாதத்துக்கா? எந்தக் கோயில் தீமிதிக்குப் போவார்? ஊருக்குப் பணம் அனுப்ப யாரிடம் கொடுப்பார்? ஒரு கேள்விக்குப் பதில் வந்தால் போதும், அதைத் தொட்டு நாலு கதை வரும். அவர்கள் சொன்னபடியே கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள், நீங்கள் திருத்த வேண்டாம்.

அப்புறம் இரும்புப் பெட்டி, அலமாரியின் மேல்தட்டு, சாமி படத்துக்குப் பின்னால். பழைய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, துறைமுக நுழைவு அட்டை, மணியார்டர் ரசீது எதையும் ஒதுக்காதீர்கள். என் அம்மா வழிக் கொள்ளுத்தாத்தாவின் கடவுச்சீட்டில் கையெழுத்து போடும் இடத்தில் பெருவிரல் ரேகை இருக்கிறது, மை கொஞ்சம் அதிகமாகி ஓரம் வழிந்திருக்கிறது. அதற்கு மேலே, யாரோ ஒரு கிராணியின் (எழுத்தரின்) சாய்ந்த எழுத்தில், பிறந்த கிராமமும் தாலுகாவும். வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருந்த தாலுகா பெயர் அந்த ஒரு வரியில்தான் கிடைத்தது. அதனால் எந்தத் தாளையும் இரண்டு பக்கமும் படமெடுங்கள், பின்பக்க முத்திரைதான் பல நேரம் அதிகம் பேசும். செலோடேப் ஒட்டவோ லேமினேட் செய்யவோ கூடாது.

2. ஒரு காலக்கோடு போடுங்கள்

ஒரு தாளில் வருடங்களை எழுதி, குடும்பக் கதைகளை அதன்மேல் பொருத்திப் பாருங்கள். சில வருடங்கள் நமக்கு ஆணி மாதிரி. 1938ல் இந்திய அரசு உடலுழைப்பு வேலைக்கு உதவித்தொகையில் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. ஆகவே "கங்காணி (வேலைக்கு ஆள் சேர்ப்பவர்) கூட்டிவந்தார்" என்று வீட்டில் சொன்னால் பெரும்பாலும் அதற்கு முந்தைய கதை. 1942 பிப்ரவரி முதல் 1945 செப்டம்பர் வரை ஜப்பானியர் காலம். அதில் மூன்று வருடம் யாருக்கும் கணக்குத் தெரியாவிட்டால் சயாம்–பர்மா ரயில் பாதை, இந்திய தேசிய ராணுவம் இரண்டையும் பற்றி வீட்டில் கட்டாயம் விசாரியுங்கள். 1948ல் அவசரகாலச் சட்டத்தின்கீழ் அடையாள அட்டை வந்தது. 1955 ஜூலையில் தொழிலாளர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதி தொடங்கியது, அந்தத் தாள்களில் முதலாளியின் பெயர் இருந்தால் அது தங்கம். 1957ல் குடியுரிமைச் சட்டம் வந்ததும் ஏராளமானோர் வரிசையில் நின்று பதிந்தார்கள்.

அட்டையில் போட்டிருக்கும் வயதை அப்படியே நம்பாதீர்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவருக்குக் கவுண்டரில் உத்தேசமாக எழுதியதுதான். முன்பின் ஐந்து வருடம் விட்டுத் தேடுங்கள்.

3. வேலையிடத்தின் அன்றைய பெயரைக் கண்டுபிடியுங்கள்

இதுதான் முக்கியமான படி. "ஹார்பர்ல வேலை" என்றால் 1913 முதல் 1964 வரை அது சிங்கப்பூர் ஹார்பர் போர்டு, அதன்பிறகுதான் பிஎஸ்ஏ (சிங்கப்பூர்த் துறைமுக ஆணையம்). "முனிசிபல்ல வேலை" என்றால் 1951க்குப் பிறகு அது சிட்டி கவுன்சில். "நேவல் பேஸ்" என்றால் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளம். கிங் ஜார்ஜ் டாக் 1938ல் திறந்தது, 1971ல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பின. ரயில் என்றால் போருக்கு முன் எஃப்எம்எஸ் ரயில்வே (ஐக்கிய மலாய் மாநிலங்களின் ரயில்வே), போருக்குப் பிறகு மலாயா ரயில்வே. தஞ்சோங் பகார் நிலையம் 1932ல் திறந்தது. அன்றைய பெயரைப் போட்டால்தான் அன்றைய ஆவணம் வரும்.

இடங்களுக்கும் இதேதான். சிராங்கூன் சாலைக் காளியம்மன் கோயிலை அந்தக் காலத்தவர்கள் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்பார்கள், பக்கத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால். பாட்டி சொன்ன பெயரையும் அரசுப் பதிவில் இருக்கும் பெயரையும் ஒரே வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

4. பெயரை எல்லா விதமாகவும் எழுதிப் பாருங்கள்

ராமசாமி என்ற ஒரே ஆளை ஆங்கிலத்தில் 'ஐ'யில் முடித்திருப்பார்கள், 'ஒய்'யில் முடித்திருப்பார்கள், நடுவே ஒரு 'டபிள்யூ' சேர்த்திருப்பார்கள், ஒற்றை 'எம்' இரட்டை 'எம்' ஆகியிருக்கும். காதில் விழுந்ததை எழுதியவர்கள் அவர்கள். எல்லா வடிவத்தையும் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். கருப்பையாவும் முனியாண்டியும் அந்தக் காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள், அதனால் பெயர் மட்டும் ஒத்துப்போனால் அவர்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெயர், அப்பா பெயர், வேலையிடம் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துவர வேண்டும். ஒத்துவராதவரைக்கும் பென்சிலில் எழுதுங்கள்.

5. செய்தித்தாள்கள்

தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம் இலவசம். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845 முதல் இருக்கிறது. கோ. சாரங்கபாணி 1935ல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களும் உண்டு. சில இதழ்களை நூலகக் கணினியில் மட்டும்தான் திறக்க முடியும், அதற்கு விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகத்துக்குப் போய்விடுங்கள்.

தொழிலாளியின் பெயர் ஆங்கிலப் பத்திரிகையில் வருவது பெரும்பாலும் விபத்தில், மரண விசாரணையில், வழக்கில். படிக்க மனசு கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் தேடுங்கள். பெயர் வராவிட்டாலும் அவர் வாழ்ந்த நாட்கள் வரும்: கொள்ளுத்தாத்தா 1946ல் துறைமுகத்தில் இருந்தவர் என்றால், அந்த வருடக் கடைசியில் நடந்த வேலைநிறுத்தச் செய்திகளை நாள் வாரியாகப் படியுங்கள். கூலி என்ன, என்ன கேட்டார்கள் என்பதெல்லாம் அங்கே தெரியும். அதெல்லாம் அவர் கதையும்தான்.

தமிழ் முரசில் சொல் போட்டுத் தேடுவதைவிட, தேதி பிடித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதையே நான் சொல்வேன். சங்கக் கூட்டங்கள், மரண அறிவிப்புகள், நன்கொடைச் செய்திகளை விடாதீர்கள். 1950களில் பல்கலைக்கழகத் தமிழுக்காகத் 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது சாதாரணத் தொழிலாளிகளும் ஆளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) கொடுத்தார்கள்.

கப்பலைப் பற்றியும் இங்கேயே பார்க்கலாம். டெக் பயணிகளின் (கப்பலின் திறந்த மேல்தளத்தில் வந்தவர்களின்) பெயர்ப்பட்டியலை நம்பி உட்காராதீர்கள். "ரஜுலாவில் வந்தார்" என்று தெரிந்தால், எந்த நாளில் கப்பல் வந்தது என்பதைக் கப்பல் வரவுச் செய்திகளில் பாருங்கள். 1926ல் கட்டிய அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு வழியாக இங்கே வந்துபோனது.

6. ஆவணக் காப்பகம்

கேனிங் ரைஸில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் வேலையிடத்தின் பெயரைப் போடுங்கள். படங்கள், வரைபடங்கள், கட்டட வரைபடங்கள் வரும். 1979ல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் என் கணக்கில் இங்கே இருப்பதிலேயே பெரிய பொக்கிஷம். உங்கள் தாத்தா பேசியிருக்க மாட்டார், ஆனால் அதே லயத்தில், அதே தளத்தில் இருந்த இன்னொருவர் பேசியிருக்கலாம், தமிழிலேயே.

7. கோயில், தேவாலயம், பள்ளிவாசல், இறப்பு

கத்தோலிக்கக் குடும்பம் என்றால் ஓஃபிர் ரோடு லூர்து மாதா ஆலயத்தில் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைப் பற்றிக் கேளுங்கள். தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம் குடும்பங்கள் அந்தந்த ஊர்ச் சங்கங்களில் விசாரிக்கலாம். இந்துக்கள் என்றால் வேலையிடத்தையொட்டி எழுந்த சின்னக் கோயில்களின் மலர்களையும் பழைய படங்களையும் பாருங்கள். இறப்புப் பதிவின் நகலுக்குக் குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன் தேதியை முடிந்தவரை நெருக்கிக்கொள்ளுங்கள். பிடாடரியில் அடக்கம் செய்தவர் என்றால், அந்த இடுகாடு 1972ல் மூடப்பட்டு, 2001 முதல் கல்லறைகள் தோண்டி எடுக்கப்பட்டுவிட்டன. அங்கே போய்த் தேடுவதில் பயனில்லை.

8. ஊருக்குப் போகிறவர்களுக்கு

தாலுகா பெயர் தெரியாமல் கிளம்பாதீர்கள், ஒரே பெயரில் பத்து கிராமம் இருக்கும். போனதும் கிராம நிர்வாக அலுவலரிடம் பட்டா பற்றிக் கேளுங்கள், அப்புறம் குலதெய்வக் கோயில் பூசாரியிடம் "அக்கரைக்குப் போன வீடு எது?" என்று கேளுங்கள். அசல் தாள்களைச் சிங்கப்பூரிலேயே விட்டுவிட்டு, படத்தைப் பெரிதாக அச்சடித்து இரண்டு பிரதி கொண்டுபோங்கள், ஒன்றை அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வருவதற்கு.