வரைவு அரசியல் தீர்மானத்திற்குத் திருத்தம் அனுப்புவோர் செய்யும் தவறுகள்

கட்சிக் கொள்கையை மேலே இருக்கும் நாலு பேர் தீர்மானிக்கிறார்கள், கீழே இருப்பவர்களுக்குக் கொடி கட்டுவதும் உண்டியல் குலுக்குவதும்தான் வேலை என்று பலரும் நம்புகிறார்கள். எல்லாக் கட்சிகளையும் அப்படிச் சொல்லிவிட முடியாது. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியில் சாதாரண உறுப்பினர் கொள்கையில் கை வைப்பதற்கென்றே எழுதி வைத்த ஒரு வழி இருக்கிறது. வழக்கமாக மூன்றாண்டுக்கு ஒருமுறை அகில இந்திய மாநாடு கூடுகிறது. அதற்கு இரண்டு மாதம் முன்பே கட்சியின் அகில இந்தியத் தலைமைக் குழுவான மத்தியக் குழு வரைவு அரசியல் தீர்மானத்தை வெளியிட வேண்டும். அடுத்த மூன்றாண்டுக்குக் கட்சி எந்த நிலைபாட்டோடு நடக்கும், யாரோடு சேரும், எதை எதிர்க்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கிளைகளும் உறுப்பினர்களும் அதற்குத் திருத்தங்களை நேராக மத்தியக் குழுவுக்கே அனுப்பலாம். கிளைக்கும் மாவட்டத்துக்கும் இடையிலுள்ள இடைக்குழுவிடமோ மாவட்டக்குழுவிடமோ அனுமதி வாங்கத் தேவையில்லை.

ஒவ்வொரு மாநாட்டுக்கும் ஆயிரக்கணக்கில் திருத்தங்கள் போய்ச் சேருகின்றன. அவற்றில் கணிசமானவை, சொல்ல வந்த கருத்து நல்லதாக இருந்தும், எழுதிய விதத்தாலும் அனுப்பிய நேரத்தாலும் பயனில்லாமல் போகின்றன. அப்படிப் போகாமல் பார்த்துக்கொள்வது உறுப்பினர் கையில்தான் இருக்கிறது.

கிளை மாநாட்டுக்காகக் காத்திருப்பது

முதல் தவறு காலக்கணக்கில் வருகிறது. கிளை, இடைக்குழு, மாவட்டம், மாநிலம், அகில இந்தியா என்று மாநாடுகள் கீழிருந்து மேலே நடக்கின்றன. அதனால் கொள்கை பற்றிய கருத்தைக் கிளை மாநாட்டில் பேசிவிட்டால் அது படிப்படியாக மேலே போய்விடும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தேதிகளை எடுத்துப் பாருங்கள். 24வது அகில இந்திய மாநாடு 2025 ஏப்ரல் 2 முதல் 6 வரை மதுரையில் நடந்தது. தமிழ்நாடு மாநில மாநாடு விழுப்புரத்தில் ஜனவரி 3 முதல் 5 வரை முடிந்துவிட்டது. வரைவுத் தீர்மானத்தை மத்தியக் குழு இறுதி செய்த கொல்கத்தா கூட்டமோ ஜனவரி 17 முதல் 19 வரை. அதாவது வரைவு கைக்கு வரும்போது தமிழ்நாட்டில் கிளை மாநாடு முதல் மாநில மாநாடு வரை எல்லாமே முடிந்திருந்தன.

கிளை மாநாட்டில் பேசுவது அந்தக் கிளையின் வேலை அறிக்கையைப் பற்றி. வரைவுத் தீர்மானத்தைப் பேச வேண்டிய இடம், அது வெளியான பிறகு கூடும் சாதாரணக் கிளைக் கூட்டம். மாநாட்டுச் சுற்று முடிந்த களைப்பில் பல கிளைகள் அந்தக் கூட்டத்தைத் தள்ளிப்போடுகின்றன. திருத்தம் அனுப்ப இருப்பது ஏறத்தாழ ஒரு மாதம்தான். கடைசி நாளும் அனுப்ப வேண்டிய முகவரியும் வரைவோடு வரும் குறிப்பிலேயே அச்சாகியிருக்கும். அந்தத் தேதி எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்பதல்ல, எந்தத் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது. ஆகவே வரைவு வந்த முதல் வாரத்தில் பிரதிகளைக் கையில் கொடுத்துவிட்டு, இரண்டாம் வாரம் கிளைக் கூட்டம், மூன்றாம் வாரம் வாசகத்தை எழுதி அனுப்புவது என்று வைத்துக்கொண்டால் மூச்சு வாங்காது.

வரைவைப் படிக்காமல் வரைவைப் பற்றிப் பேசுவது

வரைவு வெளியான மறுநாள் செய்தித்தாள்கள் அதிலிருந்து இரண்டு வரியைப் பிடித்துத் தலைப்பாக்குகின்றன. கிளைக் கூட்ட விவாதம் அந்தத் தலைப்பைச் சுற்றியே ஓடி முடிகிறது. அங்கிருந்து கிளம்பும் திருத்தங்களைப் பார்த்தால், வேறு பத்தியில் ஏற்கெனவே இருக்கும் கருத்தையே சேர்க்கச் சொல்லியிருக்கும்.

நீண்ட ஆவணம்தான், ஒரே மூச்சில் படிக்க முடியாது. ஆனால் அதன் அமைப்பைப் புரிந்துகொண்டால் வேலை எளிது. உலக நிலைமை, தேசிய நிலைமை, அரசியல் நிலைபாடு, கடமைகள் என்ற வரிசையில் அது போகும். பத்திகளுக்கு எண் இருக்கும். ஆளுக்கு ஒரு பகுதியைப் பிரித்துக்கொண்டு படித்து வந்து கூட்டத்தில் சொன்னால் கிளை முழு ஆவணத்தையும் பார்த்ததாகிவிடும்.

‘இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும்’

அதிகம் வீணாகும் திருத்தங்கள் இந்த வகைதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஏழைக் குடும்பங்களுக்கு அடமானம் இல்லாமல் தரும் சிறு கடனான நுண்நிதிக் கடனால் கிராமத்துப் பெண்கள் படும் பாட்டை ஒரு கிளை பேசுகிறது. வாரத் தவணைக்கு வீட்டு வாசலில் ஆள் வந்து உட்கார்ந்துவிடுகிறார், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்க வேண்டியிருக்கிறது. விவாதம் நன்றாக நடக்கிறது. கடைசியில் எழுதி அனுப்புவது இது: ‘நுண்நிதி நிறுவனங்களின் கொடுமை பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும்.’

இது திருத்தம் அல்ல, ஆலோசனை. இதைப் பரிசீலிப்பவர் எந்தப் பத்தியில், எந்தச் சொற்களில் அழுத்துவது என்று தானே யோசித்து எழுத வேண்டும். ஆயிரக்கணக்கான திருத்தங்களைக் கையில் வைத்திருப்பவருக்கு அதற்கு நேரம் இருக்காது. ‘கருத்து ஏற்கெனவே உள்ளது’ என்று கடந்து போய்விடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

திருத்தம் என்றால் அதில் ஐந்து விவரம் இருக்க வேண்டும்: பத்தி எண், வரி எண், மாற்ற வேண்டிய வாசகம், முன்மொழிபவர் பெயர், அவருடைய கிளை அல்லது குழு. மாற்றம் மூன்று வகைதான். சேர்க்கலாம், நீக்கலாம், ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கலாம். எது என்று முதல் சொல்லிலேயே தெரிய வேண்டும்.

அதே நுண்நிதிப் பிரச்சினையை இப்படி எழுதலாம்: ‘இந்தப் பத்தியில், இந்த வரியில், “குடும்பங்களின் கடன் சுமை அதிகரித்துள்ளது” என்பதன் பின் சேர்க்க: “நுண்நிதிக் கடன் வட்டிக்கு இருந்த உச்சவரம்பை ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் நீக்கியது.”’ இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நிலைமையைச் சொல்லும் வாக்கியம் தேசிய நிலைமைப் பகுதிக்குரியது. ‘சட்டப்படி வட்டி உச்சவரம்பை மீண்டும் கொண்டுவரப் போராட வேண்டும்’ என்பதோ கடமைகள் பகுதிக்குரியது. இரண்டையும் ஒரே வாக்கியமாக்கி ஒரே பத்தியில் திணித்தால், நிலைமையைச் சொல்லும் இடத்தில் கோரிக்கை எதற்கு என்று முழுதுமே தள்ளுபடியாகலாம். இரண்டு திருத்தங்களாக, இரண்டு பத்தி எண்களோடு அனுப்பினால் ஒன்று போனாலும் ஒன்று நிற்கும்.

விவரத்தைச் சரிபார்க்காமல் எழுதுவதும் இதே அளவுக்குக் கெடுக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2022 விதிகள் வட்டி உச்சவரம்பை எடுத்தன என்பது உண்மை. ஆனால் கட்டுப்பாடே இல்லை என்று எழுதினால் தவறு. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அதே விதிகள் சொல்கின்றன. மாதம் 15,000 ரூபாய் வரும் வீட்டில் 7,500 ரூபாய் வரை தவணைக்குப் போகலாம் என்று அதற்குப் பொருள். ‘கட்டுப்பாடே இல்லை’ என்பதைவிட ‘பாதி வருமானம் தவணைக்குப் போவதை விதியே அனுமதிக்கிறது’ என்ற வாக்கியம் எவ்வளவு வலுவானது! அதை யாரும் தகவல் பிழை என்று தள்ள முடியாது.

எந்த ஆவணத்தில் எதைச் சொல்வது

ஊர்ப் பாலமும் பேருந்து வசதியும் அகில இந்தியத் தீர்மானத்தில் இடம் பெறாது. அவை இடைக்குழு, மாவட்ட மாநாட்டுத் தீர்மானங்களுக்குரியவை. அங்கே அவற்றுக்கு நிஜமாகவே பலன் உண்டு.

இன்னொரு குழப்பம் கட்சித் திட்டம் தொடர்பானது. 1964ல் ஏற்று 2000ல் திருவனந்தபுரம் சிறப்பு மாநாட்டில் புதுப்பித்த கட்சித் திட்டம் நீண்டகால இலக்கைச் சொல்கிறது. அரசியல் தீர்மானம் அந்த இலக்குக்குள் நின்று மூன்றாண்டுக்கான வழியைச் சொல்கிறது. இந்திய அரசின் வர்க்கத் தன்மை பற்றிய அடிப்படை வரையறையை மாற்றச் சொல்லி அரசியல் தீர்மானத்துக்குத் திருத்தம் அனுப்பினால், அது எவ்வளவு ஆழமான வாதமாக இருந்தாலும் இந்த இடத்தில் எடுபடாது. அதேபோல் ஸ்தாபனக் குறைகள், அதாவது கட்சி அமைப்பு இயங்கும் விதத்திலுள்ள குறைகள். லெவி (உறுப்பினர் தன் வருமானத்திலிருந்து கட்சிக்குக் கட்டும் பங்கு) வசூல் சரியில்லை, கிளைகள் கூடுவதில்லை, இளைஞர்கள் வருவதில்லை என்பதெல்லாம் முக்கியமான விஷயங்கள்தான். அவற்றுக்கு அரசியல்–ஸ்தாபன அறிக்கை தனியாக இருக்கிறது, அது மாநாட்டில் பிரதிநிதிகள் முன் வைக்கப்படுவது. அந்தக் கருத்துகளைக் கடிதமாக மேல் குழுவுக்கு எழுதலாம், பிரதிநிதிகளிடம் சொல்லி அனுப்பலாம். அரசியல் தீர்மானத்தின் திருத்தப் படிவத்தில் எழுதினால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

தமிழ்ப் பிரதியின் வரி எண்

தமிழ் மொழிபெயர்ப்பில் 6வது வரியில் வருவது ஆங்கில மூலத்தில் 4வது வரியில் இருக்கலாம். திருத்தங்களை ஒப்பிடும் இடத்தில் கையில் இருப்பது ஆங்கில மூலம். பத்தி எண் இரண்டிலும் ஒன்றே என்பதால் அதைத் தவறாமல் போடுங்கள். வரி எண்ணோடு எந்தப் பிரதியைப் பார்த்து எழுதியது என்றும் குறியுங்கள். முடிந்தால் தமிழ் வாசகத்தின் அடியிலேயே ஆங்கில வாசகத்தையும் தட்டச்சு செய்து வையுங்கள். கிளையில் யாருக்கும் அந்த அளவு ஆங்கிலம் வராவிட்டால் இடைக்குழுவில் உதவி கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று: சில வாக்கியங்கள் தமிழில்தான் முரணாகத் தெரியும், மூலத்தில் சரியாக இருக்கும். அது மொழிபெயர்ப்புப் பிழை. திருத்தமாக அனுப்பும் முன் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும்.

பேசாமல் இருப்பதும், பொதுவெளியில் பேசுவதும்

இன்னும் முழு உறுப்பினராகாத பரிட்சார்த்த உறுப்பினர்கள் தங்களுக்கு வாக்குரிமை இல்லை என்பதால் விவாதத்திலும் உரிமை இல்லை என்று ஒதுங்கி உட்காருகிறார்கள். இது தவறான புரிதல். வாக்களிக்க முடியாதே தவிர விவாதத்தில் பங்கேற்கலாம். கட்சிக்குப் புதிதாக வருபவருக்குத்தான் ஆவணத்தில் எது புரியவில்லை என்பது பளிச்சென்று தெரியும். கிளைச் செயலாளர் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

கிளையில் வாய் திறக்காத தோழர் முகநூலில் நீளமாக எழுதுவதும் நடக்கிறது. வரைவு பொதுவில் இருக்கும் ஆவணம் என்பதால் உட்கட்சி விவாதத்தையும் பொதுவில் நடத்தலாம் என்று ஆகிவிடாது. முகநூலில் எழுதியதை யாரும் எடுத்துத் திருத்தப் பட்டியலில் சேர்க்கப் போவதில்லை. எழுதியவர் மீது ஒழுங்குப் பிரச்சினை வந்தால், கருத்தைப் பற்றிய பேச்சு அதோடு நின்றுபோகும். ஒரே வாசகத்தை நகலெடுத்துப் பல கிளைகளின் பெயரில் அனுப்பும் பழக்கமும் உதவாது. எடை போடுவது வாசகத்தை. பல ஊர்களிலிருந்து அச்சு அசலாக ஒன்றே வந்தால் கோஷ்டி வேலையோ என்ற சந்தேகம்தான் எழும்.

அனுப்பியதோடு விட்டுவிடுவது

வந்த திருத்தங்களை மத்தியக் குழு பரிசீலித்து அவை பற்றிய அறிக்கையை மாநாட்டின் முன் வைக்கிறது. பிரதிநிதிகள் மாநில வாரியாகக் கூடிப் பேசிய பிறகு, மாநிலத்துக்குச் சிலர் என்று மேடையில் பேசுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நேரம் குறைவு. தமிழ்நாட்டுப் பிரதிநிதிகள் மாநில மாநாட்டிலேயே தேர்வாகிவிடுவதால் அவர்கள் யார் என்பது முன்கூட்டியே தெரியும். உங்கள் மாவட்டத்திலிருந்து போகும் பிரதிநிதியிடம் திருத்தத்தின் நகலையும், அதற்கான காரணத்தை அரைப் பக்கத்திலும் கொடுங்கள். மாநில வாரியாகக் கூடும் அந்த விவாதத்தில் அவர் எழுப்ப அது போதும். எழுதி அனுப்பியவர்களில் பெரும்பாலோர் இந்தக் கடைசி வேலையைச் செய்வதில்லை. நம் கணிப்பில் மற்ற எல்லாத் தவறுகளையும்விட இதுதான் அதிகம் இழக்க வைக்கிறது.

ஏற்கப்படும் திருத்தங்களில் பெரும்பாலானவை தகவல் திருத்தங்கள், விடுபட்டதைச் சேர்ப்பவை. நிலைபாட்டையே அசைக்கும் திருத்தம் அரிது. ஆனால் நடந்திருக்கிறது. 2018 ஏப்ரலில் ஹைதராபாத்தில் கூடிய 22வது மாநாட்டின் வரைவில், காங்கிரஸ் கட்சியுடன் ‘புரிந்துணர்வோ தேர்தல் கூட்டணியோ இல்லாமல்’ என்று இருந்தது. மத்தியக் குழுவில் 55க்கு 31 என்ற வாக்கில் நின்ற வாசகம் அது. சிறுபான்மைக் கருத்தை அப்போதைய பொதுச் செயலாளர் சீத்தாராம் யெச்சூரி மாநாட்டின் முன் வைத்தார். விவாதத்தின் முடிவில் அந்த இடம் ‘அரசியல் கூட்டணி இல்லாமல்’ என்று மாறியது. மூன்று நான்கு சொற்கள்தான். அதன்பின் 2019 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் காங்கிரசும் இடம்பெற்ற திமுக அணியில் நின்று மதுரையையும் கோவையையும் கட்சி வென்றது. ‘வார்த்தைக்கு வார்த்தை சண்டை போடுவதால் என்ன ஆகிவிடப் போகிறது’ என்று கிளையில் யாராவது கேட்டால் காட்டுவதற்கு இந்த வரி இருக்கிறது.

தோற்ற பிறகு செய்யும் தவறு

மாநாடு முடிந்ததும் பெரும்பான்மை முடிவு எல்லோருக்கும் பொருந்தும், அதன்படிதான் வேலை செய்தாக வேண்டும். தன் திருத்தம் ஏற்கப்படவில்லை என்பதற்காகக் கூட்டத்துக்கு வராமல் நின்றுவிடுபவர் அடுத்த மூன்றாண்டில் பேசும் வாய்ப்பையும் சேர்த்தே விடுகிறார். மாறுபட்ட கருத்தை வைத்துக்கொள்ளவும், அதை மேல் குழுக்களுக்கும் மத்தியக் குழுவுக்கும் எழுத்தில் தெரிவிக்கவும் கட்சியின் அமைப்புச் சட்டம் உரிமை தருகிறது. அந்தக் கடிதத்துக்கு மாநாட்டுக் காலம் என்ற கணக்கு கிடையாது.

இறுதித் தீர்மானம் அச்சாகி வந்ததும் வரைவையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்கள் கிளை அனுப்பிய பத்திகளை மட்டுமாவது ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் வாசகம் அப்படியே இல்லாவிட்டாலும் கருத்து வேறு பத்தியில் வேறு சொற்களில் ஏறியிருக்கலாம். எது ஏறியது, எது ஏறவில்லை என்று கிளையின் கூட்டப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த வரைவு வரும்போது செயலாளர் மாறியிருப்பார், பாதிப் பேர் புதியவர்களாக இருப்பார்கள். அவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டி, விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியும்.