எதிரே வரும் கப்பல் மோதுமா? கணிப்பதும் விலகுவதும்

டெக் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, முதல் கப்பலில் ஏறப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோல்ரெக் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் பன்னாட்டு மோதல் தடுப்பு விதிகள் 1972-இல் வகுக்கப்பட்டு, 1977 ஜூலை 15 முதல் நடைமுறையில் இருக்கின்றன. வாய்மொழித் தேர்வுக்காக அவற்றை வரி பிசகாமல் ஒப்பிக்கிற பிள்ளைகள் பலர், பிரிட்ஜில் (கப்பலைச் செலுத்தும் மேடையில்) நிற்கும்போது எதிரே தெரியும் விளக்கு ஆபத்தானதா இல்லையா என்று கேட்டால் திரையைப் பார்க்கிறார்கள். முதலில் கடலைப் பார்க்க வேண்டும்.

படி 1: கண்காணிப்பு

ஐந்தாம் விதி கண்ணையும் காதையும்தான் முதலில் சொல்கிறது. மற்ற கருவிகளெல்லாம் அதற்குப் பிறகு. இரவு வாட்ச் (கண்காணிப்புப் பணிமுறை) என்றால் கண் இருட்டுக்குப் பழக நேரம் கொடுத்துவிட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். கைப்பேசியை ஒருமுறை பார்த்தாலே அந்தப் பழக்கம் போய்விடும். ஜன்னல் கம்பங்களும் கிரேன்களும் மறைக்கிற பகுதிகளை இடம் மாறி நின்று பாருங்கள். கப்பல்கள் தம் அடையாளத்தையும் இடத்தையும் தாமே ஒலிபரப்பும் ஏ.ஐ.எஸ். கருவியின் திரையில் எல்லாப் படகும் வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். நம் கடற்கரையில் மீன்பிடிக்கும் சின்ன ஃபைபர் படகுகள் பலவற்றில் அந்தக் கருவியே கிடையாது.

படி 2: திசைக்கோணம் எடுப்பது

இதுதான் மொத்தப் பாடத்தின் உயிர். மற்றொரு கப்பல் உங்களை நெருங்கிக்கொண்டே இருக்க, அதன் காம்பஸ் திசைக்கோணம் (வடக்கிலிருந்து எத்தனை டிகிரியில் அது தெரிகிறது என்பது) குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை என்றால் மோதல் ஆபத்து இருக்கிறது. ஏழாம் விதி சொல்வது இதைத்தான்.

ஓர் உதாரணம். உங்கள் கப்பல் 010 டிகிரி திசையில் 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் போகிறது. 10:00 மணிக்கு முன்வலப்பக்கம் ஒரு சரக்குக் கப்பல் தெரிகிறது. கைரோ காம்பஸின் கோணத்தைக் காட்டும் ரிப்பீட்டரில் பார்த்தால் 052. தூரம் 7 கடல் மைல். 10:03-க்கு மறுபடி பாருங்கள்: 052, தூரம் 6 மைல். மூன்று நிமிடத்தில் ஒரு மைல் குறைந்தால் நெருங்கும் வேகம் மணிக்கு 20 மைல். மிச்சம் 6 மைலுக்கு 18 நிமிடம். அவ்வளவுதான் உங்கள் கையில் இருப்பது.

'முகப்பிலிருந்து இத்தனை டிகிரி வலப்பக்கம்' என்று குத்துமதிப்பாகக் கணக்கிடாதீர்கள். அலையில் உங்கள் முகப்பே இரண்டு மூன்று டிகிரி ஆடும்; அந்த ஆட்டம் எதிர்க் கப்பல் நகர்வதுபோலத் தோன்றும். காம்பஸ் கோணம் அப்படி ஏமாற்றாது. இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு: மிகப் பெரிய கப்பலோ, இன்னொன்றை இழுத்துவரும் டக் படகோ, மிக அருகில் உள்ள எந்தக் கப்பலோ ஆனால், கோணம் மாறினாலும் ஆபத்து நீங்கியதாகக் கொள்ளக் கூடாது. முந்நூறு மீட்டர் நீளக் கப்பலில் முகப்பின் கோணம் ஒன்று, பின்முனையின் கோணம் வேறொன்று.

படி 3: யார் விலகுவது?

பின்னாலிருந்து முந்துகிறவர் விலக வேண்டும். முந்துகிறோமா என்று சந்தேகம் வந்தால் முந்துவதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இருவர் நேருக்கு நேர் வந்தால் இருவருமே வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே கடக்கும்போது, எவருக்கு மற்றவர் வலப்பக்கம் இருக்கிறாரோ அவர் விலக வேண்டும். இவை மூன்றும் கப்பல்கள் ஒன்றையொன்று கண்ணால் பார்க்கும் நிலைக்கானவை; முந்துவது பற்றியது எல்லாக் கப்பலுக்கும், மற்ற இரண்டும் இயந்திரக் கப்பல்களுக்கு. வலையோடு மீன்பிடித்துக்கொண்டிருக்கும் விசைப்படகுக்கு, நீங்கள் முந்தப்படும் கப்பலாக இல்லாத வரை, நீங்கள்தான் வழிவிட வேண்டும்; இரவில் மேலே பச்சை, கீழே வெள்ளை விளக்கு என்றால் இழுவலைப் படகு, மேலே சிவப்பு என்றால் மற்ற வகை மீன்பிடிப்பு.

நம் உதாரணத்தில் அவர் உங்கள் வலப்பக்கம் இருக்கிறார். இரவானால் அவரது இடப்பக்கத்துச் சிவப்பு விளக்கு தெரியும். ஆகவே விலக வேண்டியவர் நீங்கள்.

படி 4: திரும்புவது

நேரம் இருக்கும்போதே, பெரிதாகத் திரும்புங்கள். ஐந்து ஐந்து டிகிரியாகத் திரும்புவதைப் போல எரிச்சலூட்டும் பழக்கம் வேறில்லை. எதிரே இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. 10:06-க்கு, 5 மைல் தூரத்தில், சுற்றிலும் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 070 வரை வலப்பக்கம் சுக்கானைத் திருப்பச் சொல்லுங்கள். ஒருவரையொருவர் பார்க்கும் நிலையில் ஒரு குறுகிய சங்கொலி, 'வலப்பக்கம் திரும்புகிறேன்' என்பதற்கு. இப்போது அவருக்குப் பின்னால் போகிறீர்கள்.

வேலை அத்தோடு முடியவில்லை. 10:09-க்குத் திரும்பவும் கோணம் எடுங்கள். 045-ஐ ஒட்டி வந்திருந்தால் அவர் இடப்பக்கமாக நகர்கிறார், நல்லது. 050-லேயே நின்றால் அவரும் ஏதோ செய்கிறார் என்று அர்த்தம். முழுவதும் கடந்து விலகும் வரை பழைய திசைக்குத் திரும்ப வேண்டாம். வி.எச்.எஃப். ரேடியோவில் பேசி முடிவுசெய்யலாம் என்று தோன்றும். வேறு யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது தெரியாமலே நேரம் கரையும்.

படி 5: விலக வேண்டியவர் விலகவில்லை என்றால்

வழி உங்களுடையது என்றால் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் போக வேண்டும். அவர் அசையவில்லை, சந்தேகமாக இருக்கிறது என்றால் குறைந்தது ஐந்து குறுகிய சங்கொலி, கூடவே விளக்கும். அவர் விதிப்படி நடக்கவில்லை என்பது தெளிவானவுடன் நீங்களே விலகலாம். அவர் ஒருவரால் மட்டும் மோதலைத் தவிர்க்க முடியாது என்ற நெருக்கம் வந்துவிட்டால் விலகியே ஆக வேண்டும். அவர் உங்கள் இடப்பக்கம் இருந்தால் இடப்பக்கம் திரும்பாதீர்கள். கடைசி நொடியில் அவரும் வலப்பக்கம் திரும்பினால் இருவரும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்வீர்கள்.

2017 ஜூன் 17 அதிகாலை, ஜப்பான் கடற்கரையில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஃபிட்ஸ்ஜெரால்டும் ஏ.சி.எக்ஸ். கிறிஸ்டல் என்ற கன்டெய்னர் கப்பலும் மோதி ஏழு மாலுமிகள் இறந்தார்கள். கன்டெய்னர் கப்பல் போர்க்கப்பலின் வலப்பக்கம் இருந்தது. விலக வேண்டியது போர்க்கப்பல்.

மூடுபனி

மேலே சொன்ன 'யாருக்கு வழி' என்ற கணக்கு இங்கே செல்லாது. ஒருவரையொருவர் காண முடியாதபோது பத்தொன்பதாம் விதிதான். அதில் வழி உரிமை என்பதே இல்லை. வேகத்தைக் குறையுங்கள். ரேடாரில் மட்டும் தெரியும் கப்பல் பக்கவாட்டுக்கு முன்னால் இருந்தால், அதை நீங்கள் முந்திக்கொண்டிருந்தால் ஒழிய, இடப்பக்கம் திரும்புவதைத் தவிர்க்க வேண்டும். 1956 ஜூலை 25 இரவு அமெரிக்காவின் நன்டக்கெட் தீவுக்கு அருகே மோதிக்கொண்ட ஆண்ட்ரியா டோரியா, ஸ்டாக்ஹோம் என்ற பயணிகள் கப்பல்கள் இரண்டிலும் ரேடார் இருந்தது. ஆண்ட்ரியா டோரியா 20 நாட்டுக்கு மேல் பனியில் போய்க்கொண்டிருந்தது. அது இடப்பக்கம் திரும்ப, ஸ்டாக்ஹோம் வலப்பக்கம் திரும்பியது. 51 பேர் இறந்தார்கள்.

பனி இறங்கியதும் கேப்டனை எழுப்புங்கள். திட்டுவார் என்று யோசிக்காதீர்கள். ஓடும் கப்பலானால் இரண்டு நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் ஒரு நீண்ட சங்கொலி, நான்கு முதல் ஆறு நொடி. நங்கூரமிடாமல், நீரில் நகராமல் நின்றிருந்தால் அதே இடைவெளியில் இரண்டு.