ஃபேர்ல கூட்டம் எப்டின்னு கேட்டு ஏமாறாதீங்க

பிப்ரவரி ஆரம்பத்துல சென்னை நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல லெதர் ஃபேர் முடிஞ்சி ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆளுங்க ஊர் திரும்புனா மொத கேள்வியே "இன்னா பாய், கூட்டம் எப்டி?"ன்றதுதான். ஒருத்தர் "சும்மா ஈ ஓட்டிகினு இருந்தோம்"பாரு, பக்கத்து ஸ்டால்காரரு "ஒக்கார நேரமில்ல"ம்பாரு. ரெண்டு பேரும் ஒரே ஹால்லதான் இருந்தாங்க. இத கேட்டுட்டு அடுத்த வருஷம் ஸ்டாலுக்கு லட்சக்கணக்குல பணம் கட்டலாமா வேணாமான்னு முடிவு பண்றாங்க பாருங்க, அதான் பெரிய தப்பு.

நடத்துறவங்க சொல்ற நம்பர அப்டியே நம்பறது அடுத்தது. ஒரே ஆளு மூணு நாளும் பேட்ஜ காட்டிட்டு உள்ள போனா அது ஒரு ஆளா மூணு ஆளான்னு கேளுங்க. 100 பேர் மூணு நாளும் வந்தா 300ன்னு போடறதுல பொய்யே இல்ல, ஆனா உங்களுக்கு அது 100தான். அதுல ஸ்டால் போட்ட கம்பெனி ஸ்டாஃப் இருக்காங்களா, லெதர் டெக்னாலஜி படிக்கிற பசங்க எத்தன பேரு, எந்த நாட்டுக்காரன் எத்தன பேருன்னு பிரிச்சி குடுக்க சொல்லுங்க. ஜெர்மனில எஃப்கேஎம்னு ஒரு அமைப்பு ஃபேர் நம்பருங்கள ஆடிட் பண்ணுது, யூஎஃப்ஐன்ற உலக சங்கமும் தன் முத்திரை குடுக்கணும்னா ஆடிட் பண்ண நம்பர்தான் கேக்குது. ஆடிட் இல்லாத நம்பர் பொய்னு அர்த்தம் இல்ல, ஆனா கொஞ்சம் தள்ளுபடி பண்ணிட்டு பாருங்க.

சரி, நம்ம கண்ணால பாத்தத நம்பலாமேன்னு தோணும். அதுவும் ஏமாத்தும். தொறப்பு விழா முடிஞ்சதும் வாசல் பக்கம் நெரிசலாதான் இருக்கும், கடைசி நாள் மத்தியானத்துக்கு மேல பாதி பேரு சாம்பிள கட்ட ஆரம்பிச்சிடுவாங்க. ஹால பெருசாக்கிட்டா அதே ஜனம் கம்மியா தெரியும். இத்தாலி மிலான்ல வருஷத்துக்கு ரெண்டு தடவ நடக்கற லினியாபெல்லேன்ற லெதர் ஃபேர்ல பெரிய டேனரிங்க (தோல் பதனிடற கம்பெனிங்க) ஸ்டால சுத்தி சுவர் வச்சி மூடியிருப்பாங்க, நடைபாதைல ஆளே இல்லாத மாதிரி இருக்கும், உள்ள எட்டிப் பாத்தா எல்லா டேபிள்லயும் சரக்கு வாங்கற பையர் ஒக்காந்து தோல தடவிகினு இருப்பான், எல்லாம் முன்னாடியே டைம் வாங்கிட்டு வந்தவங்க. நம்மாளுங்க நெறைய பேரு பையருக்கு ஒரு மெயில் கூட போடாம ஸ்டால தொறந்து வச்சிட்டு ஃபேர் டல்லுன்றாங்க, அது ஃபேரோட தப்பா?

இப்ப விசிட்டிங் கார்டுக்கு வருவோம், இதுலதான் நெறைய பேரு கவுறுறாங்க. டப்பா நெறைய கார்டு சேந்துடுச்சின்னு சந்தோஷமா பஸ் ஏறுவாங்க. வீட்ல ஒக்காந்து பிரிச்சி பாத்தா கெமிக்கல் விக்கிறவன், மெஷின் விக்கிறவன், ஷிப்பிங் ஏஜென்ட், இன்சூரன்ஸ், அப்பறம் நாலு தெரு தள்ளி இருக்கற தோல் ஷாப் (நம்ம ஊர் டேனரி) மொதலாளி. அதாவது உங்ககிட்ட வாங்க வந்தவன் இல்ல, உங்களுக்கு விக்க வந்தவன். ஸ்டால்ல ஆற்காடு மக்கன் பேடா வச்சீங்கன்னா இன்னும் நூறு கார்டு சேரும், அதுல ஒரு ஸ்கொயர் ஃபீட் தோல் கூட விக்காது. அதனால கார்டு வாங்குன கையோட பின்னாடி எழுதிடுங்க: ஆடா மாடா, எத்தன எம்எம் கனம், ஷூ உள்பக்கத்து லைனிங்கா மேல்பக்கத்து அப்பரா, எவ்ளோ வேணும், இன்னா ரேட் எதிர்பாக்கறான், எப்ப வேணும்னு. இதுல மூணுக்காவது பதில் சொன்னவன்தான் நெசமான பார்ட்டி, மத்ததெல்லாம் வேற டப்பா.

செலவு கணக்குலயும் கோட்ட விடறாங்க. ஸ்டால் வாடகய மட்டும் செலவுன்னு நெனைக்கறாங்க, ஜிஎஸ்டி, ஸ்டால் டெகரேஷன், சாம்பிள் தோலு, டிக்கெட், லாட்ஜ், சாப்பாடு, அத்தன நாளும் ஷாப்ல ஆள் இல்லாம நின்ன வேல எல்லாம் சேத்தா தொகை வேற. பேச்சுக்கு மொத்தம் 6 லட்சம்னு வைங்க, 200 கார்டுன்னா தலைக்கு 3,000 ரூபா, பரவால்லையேன்னு தோணும். நெசமான பார்ட்டி 8 பேருன்னா தலைக்கு 75,000. அந்த காசுக்கு நேரா பையர் ஊருக்கே போயி பாத்திருக்கலாமான்னு அப்பதான் யோசிக்க வரும். மானியம் வருதுன்னா கழிச்சிக்கலாம், ஆனா பேங்க்ல ஏறுன பிறகுதான்.

இன்னொரு பக்கம், ஃபேர்லயே ஆர்டர் விழலன்னு ஒதறிடறதும் தப்புதான். நம்ம தொழில்ல ஸ்வாட்ச் (சின்ன மாதிரி துண்டு) போகணும், சாம்பிள் தோல் போகணும், அவன் ட்ரையல் ஷூ போடணும், லேப்ல டெஸ்ட் பண்ணணும் (யூரோப்புக்குன்னா குரோமியம்-6ன்ற கெடுதலான கெமிக்கல் ஒரு கிலோ தோலுக்கு 3 மில்லிகிராமுக்கு கம்மியா இருக்கணும்), அப்பறம் ரேட் பேரம், அதுக்கு மேலதான் ஆர்டர். பிப்ரவரில மிலான்ல காட்றதே அடுத்த வருஷ சம்மர் சரக்குதான். அதனால ஆறு மாசம் கழிச்சி ஒரு தடவ, வருஷம் முடிஞ்சி ஒரு தடவ, அந்த எட்டு பேர்ல யாரு சாம்பிள் கேட்டான் யாரு திரும்ப வந்தான்னு நோட்ட எடுத்து பாருங்க.

ஒரே ஒரு வருஷத்த வச்சி தீர்ப்பும் சொல்லாதீங்க. கொரோனாவால ஏபிஎல்எஃப்ன்ற ஹாங்காங் லெதர் ஃபேர் 2022லயும் 2023லயும் அங்க நடக்காம துபாய்ல நடந்துச்சி, அந்த கூட்டத்த பழைய ஹாங்காங் கூட்டத்தோட ஒப்பிட்டா எதுவும் புரியாது. ரமலான், சீன புது வருஷம், பக்கத்துல வேற ஃபேர், இதெல்லாம் எந்த தேதில விழுதுன்னு பாத்துட்டு பேசுங்க.

கடைசி நாள் சாயங்காலம் கால் வலில ஒக்காந்திருக்கும்போது ஒருத்தர் ஃபாரத்தோட வருவாரு, இன்னிக்கே புக் பண்ணா டிஸ்கவுன்ட், இதே எடம் உங்களுக்குன்னு. கையெழுத்து போடாதீங்க. கடைசி தேதி எப்பன்னு கேட்டு எழுதி வச்சிக்கினு, நோட்டுல இருக்கறவனுக்கெல்லாம் ஸ்வாட்ச் அனுப்பி, யாரு பதில் போடறான்னு பாத்துட்டு சொல்லலாம். நடுவுல அந்த எடம் போயிடுச்சின்னா போகட்டும், டைம் வாங்கிட்டு வர்ற பையர் எந்த மூலைல இருந்தாலும் தேடி வந்துடுவான்.